சுற்றிப் பார்க்க வந்தவர்கள்

நான் நடத்திய ஒரு பாடத்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனது. சுற்றி வளைத்துச் சொல்வது எனக்கு எப்போதும் வராது, அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன பாடம் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சுற்றுலா. மனிதர்கள் ஏன் ஊர் பார்க்கக் கிளம்புகிறார்கள், எப்படிப் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று பதினான்கு பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் சொல்லிக் கொடுத்தேன். பாடத்தை நான் நன்றாகத்தான் நடத்தினேன். என் வருத்தத்தில் அதுவும் சேர்த்தி.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் ராணுவத்தில் இருந்தார், வடக்கே. நான் தாம்பரத்தில் பிறந்த வீட்டோடு தங்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். வயது இருபத்தெட்டு. வாய் மட்டும் ஐம்பது வயதுக்காரியுடையது என்று அம்மா சொல்வார். நாங்கள் போகிற ஆலயம் குரோம்பேட்டையில். ஆலயத்தை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட ஒரு ஹால் இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே பெண்களுக்கு டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் சொல்லித் தருவார்கள். ஒருநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பாஸ்டர் என்னை நிறுத்தினார்.

"மீனம்பாக்கத்துல ப்ளேன் கம்பெனிங்க, டவுன்ல பெரிய ஹோட்டலுங்க, எல்லாம் பொண்ணுங்கள வேலைக்கு எடுக்கறாங்க. டைப்பிங்கோட டூரிசமும் தெரிஞ்சிருந்தா நல்லதுன்னு சொல்றாங்க. நீங்கதானே ஜாக்ரபி. ஆறு மாசத்துக்கு ஒரு வகுப்பு எடுங்களேன்" என்றார்.

பக்கத்தில் சபைக் கமிட்டியைச் சேர்ந்த ஒரு பெரியவர் நின்றிருந்தார். "ஊர் சுத்தறதுக்குக் கூடவா கிளாஸ்?" என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவியிருப்பேன். அவர் சிரித்ததால் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டவளுக்குச் சுற்றுலாவைப் பற்றி என்ன தெரியும்? மேற்கே பெங்களூர், தெற்கே திருச்சி. அவ்வளவுதான் நான் பார்த்த உலகம். அரசாங்க அலுவலகத்திலிருந்து பாஸ்டர் வாங்கி வந்த மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டித் தமிழில் குறிப்பு எடுத்தேன். பழைய காலண்டர்களிலிருந்து தாஜ்மகாலையும் தஞ்சாவூர்க் கோபுரத்தையும் வெட்டி அட்டையில் ஒட்டினேன்.

முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய கேள்வி இன்னும் கண்ணில் நிற்கிறது. சுற்றுலாப் பயணி என்பவர் யார்? நான்கு நிபந்தனை சொன்னேன். ஒன்று, தான் வழக்கமாக இருக்கும் ஊரை விட்டு வர வேண்டும். இரண்டு, போன இடத்தில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். மூன்று, அங்கே வேலை பார்த்துச் சம்பாதிக்கக் கூடாது. நான்கு, திரும்பிப் போக வேண்டும்.

"கிறிஸ்மஸுக்கு வர்ற மாப்பிள்ளை, டீச்சர்? அவரும் டூரிஸ்ட்தானா?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"திரும்பிப் போனா டூரிஸ்ட். போகலைன்னா தொல்லை" என்றேன். வகுப்பு சிரித்தது. அன்றே அவர்கள் என் பக்கம் வந்துவிட்டார்கள்.

காலையில் கிராமத்திலிருந்து வந்து, மியூசியமான செத்த காலேஜையும் மிருகக்காட்சி சாலையான உயிர் காலேஜையும் பார்த்துவிட்டுச் சாயங்காலமே வண்டியேறுகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல, ஒருநாள் பார்வையாளர்கள் என்று விளக்கினேன். ஒரு ஊருக்கு ஆட்கள் வர வேண்டுமானால் மூன்று விஷயம் வேண்டும், இழுக்க ஒன்று, வந்துசேர வழி, தலைசாய்க்க இடம் என்றேன். ஒரு பயணி வந்து இறங்கினால் ஜட்காக்காரர், இட்லிக்கடை அம்மா, லாட்ஜில் போர்வை துவைப்பவர், கடற்கரையில் சங்கு விற்பவர் என்று எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எண்ணச் சொன்னேன். இருபத்தாறு பேர்வரை எண்ணினார்கள். ஊர் சுற்றுவதற்கு ஒரு வகுப்பா என்று கேட்டவரைக் கூட்டிவந்து பின்பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் இது. பத்தொன்பது வயது. அதிகம் பேசமாட்டாள், ஆனால் நான் சொல்வதை முகத்தைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். அப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா. வீடு சானடோரியத்தில். தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் அது. அங்கே இருக்கும் காசநோய் மருத்துவமனையால்தான் இடத்துக்கே அந்தப் பெயர். மின்சார ரயில் அங்கே நிற்கும் நேரத்தில் பெட்டிக்குள் நாலைந்து கைக்குட்டைகள் மூக்குக்குப் போவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஊசியும் மாத்திரையும் வந்து, நோய் குணமாகிற காலம்தான். ஆனாலும் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். "அந்த வியாதி" என்பார்கள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையும் எங்கள் சபைதான், பல்லாவரத்துப் பையன், ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக். வகுப்பு முடிகிற நேரத்துக்குச் சரியாக எதிர்ப் பக்கத்துச் சைக்கிள் கடையில் அவன் காற்று அடித்துக்கொண்டிருப்பான். வாராவாரம் அதே சக்கரத்துக்கு. "அந்த டியூபுக்கு ஏதாவது ஆயிடப்போகுதுடி" என்று மற்றப் பெண்கள் அவளை இடிப்பார்கள். அவள் புத்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவன் இருக்கும் பக்கம் திரும்பாமலே நடந்து போவாள். அந்தக் கல்யாணம் அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் மாதம் எனக்கு ஒரு யோசனை வந்தது. புத்தகத்தில் இருப்பதையே எத்தனை நாள் ஓட்டுவது? ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எதற்காக, எத்தனை ராத்திரி, எங்கே தங்குகிறீர்கள், திரும்பும்போது என்ன வாங்கிப் போகிறீர்கள்? வெளியூர்க்காரர்கள் பத்துப் பேரையாவது பார்த்து இதைக் கேட்டுக் கட்டுரையாக எழுத வேண்டும். இரண்டிரண்டு பேராகப் போகச் சொன்னேன். சிலர் தாம்பரம் ஸ்டேஷனுக்கு, சிலர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு, சிலர் விமான நிலைய வாசலுக்கு.

தாம்பரத்துக்குப் போன இரண்டு பேர் ஜட்காக்காரரிடம் மாட்டிக்கொண்டார்கள். "இன்னாமே, நோட்டு வச்சிகினு எழுதிகினு கீறீங்க? சென்சஸா?" என்று கேட்டாராம். இவர்கள் சுற்றுலா என்று விளக்க, "அப்டின்னா என்னியும் எழுதிக்க. நானும் காலைலேந்து சுத்திகினுதான் கீறேன்" என்றாராம். அவர்கள் அதையும் கட்டுரையில் சேர்த்துவிட்டார்கள். நானும் அதற்கு இரண்டு மார்க் கூடப் போட்டேன்.

அந்தப் பெண் மட்டும் வந்து, "நான் தனியாவே எங்க ஏரியால கேட்டு எழுதறேன் டீச்சர்" என்றாள்.

"சானடோரியத்துக்கு யாரும்மா டூர் வருவாங்க?"

"வர்றாங்க டீச்சர்" என்றாள்.

அவள் கட்டுரை எட்டுத் தாள், நெருக்கி எழுதியது. பெயருக்குப் பதில் வரிசை எண் மட்டும் போட வேண்டும் என்பது என் வகுப்பு வழக்கம், திருத்துகிறவளுக்கு ஓரவஞ்சனை வரக்கூடாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அதைப் படிக்க ஆரம்பித்தவள், அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வருகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தாள். உள்ளே மனைவியோ அண்ணனோ படுத்திருக்க, பார்க்க வருகிறவர்கள். நாலு நாள், பத்து நாள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்குகிறார்கள். இன்ன நோய்க்கு வந்திருக்கிறோம் என்று ஊரில் சொல்வதில்லை. மெட்ராஸ் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறுகிறார்கள். அதனால் ஊர் திரும்புவதற்கு முன், கடைசி நாளில், சுற்றிப் பார்த்ததற்கு அத்தாட்சி தேடி ஓடுகிறார்கள். ஒருவர் கடற்கரைக்குப் போய் இறங்கிய சூட்டோடு சங்குப் பொம்மை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். விழுப்புரம் பக்கத்து அம்மா ஒருத்திக்கு அதற்கும் நேரமில்லை. ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, அவள் இவளிடம் ஒரு கேள்வி கேட்டாளாம். "செத்த காலேஜுல திமிங்கல எலும்பு எம்மா நீளம் இருக்கும்மா? ஊர்ல கேப்பாங்க."

இப்படிப் பத்துப் பேர். பதினோராவதாக ஒரு குடும்பம். தெற்கேயிருந்து ஒன்பது வருஷத்துக்கு முன் வந்தவர்கள். அம்மா வார்டில். அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் வெளியே. கடைசி நாள் அப்பா பிள்ளைகளைப் பல்லாவரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், அட்டையில் செய்த ஏரோப்ளேனின் ஜன்னல்களில் தலையை நீட்ட வைத்துப் போட்டோ எடுத்தார். நான்கு ஜன்னல், மூன்று தலை. அம்மா எங்கே என்று யாராவது கேட்டால், கூச்சப்பட்டு நிற்கவில்லை என்று சொல்லச் சொன்னார். ஆனால் அம்மாவுக்குக் குணமாக ஒன்றரை வருஷம் ஆனதால் அவர்கள் ஊருக்குத் திரும்பவே இல்லை. அப்பா இங்கேயே வேலை தேடிக்கொண்டார்.

கட்டுரை ஒரு கேள்வியோடு முடிந்தது. இவர்கள் ஊரை விட்டு வருகிறார்கள், ராத்திரி தங்குகிறார்கள், இங்கே சம்பாதிப்பதில்லை. எதையும் பார்ப்பதில்லை, பார்த்ததாகச் சொல்கிறார்கள். லாட்ஜ்களின் கணக்கில் சுற்றுலாப் பயணிகளாகத்தான் எழுதப்படுகிறார்கள். இவர்களை நாம் எதில் சேர்ப்பது? பதினோராவது குடும்பத்தை எதில் சேர்ப்பது?

நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டேன். ஓரத்தில் "மிக நன்று" என்று சிவப்பு மையில் எழுதினேன். கேள்விக்குப் பதில் எழுதவில்லை. எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். கேள்வியை விட அதைக் கேட்க வைத்த என் வகுப்பின்மேல் எனக்கு வந்த கர்வம் இன்னொரு காரணம். அந்தக் கமிட்டிப் பெரியவர் இதைப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் வகுப்பில் மற்றக் கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்தேன். அவளுடையதை மட்டும் வைத்துக்கொண்டு, "இதை ஹால் வெளியில போர்டுல போடப் போறேன்" என்றேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவள் மேசைப் பக்கம் வந்தாள். "வேணாம் டீச்சர்."

"ஏன்? பேர் ஏதும் போடலையே. யாருக்குத் தெரியப் போவுது?"

"இல்ல டீச்சர், திருப்பிக் குடுத்துடுங்க. வேற நல்லா எழுதித் தர்றேன்."

"தொண்ணூத்திரண்டு போட்டிருக்கேன், இதுக்கு மேல என்ன நல்லா எழுதறது? இப்படிக் கூச்சப்பட்டா நாளைக்கு ஏர்போர்ட்ல நாலு வெள்ளைக்காரன்கிட்ட எப்படிப் பேசுவே?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எதிரே சைக்கிள் மணி ஒன்று அடித்தது. "உன் காத்து வந்தாச்சு, போ" என்றேன். போய்விட்டாள்.

பதினோராவது குடும்பம் யாருடையது என்று எனக்கு அப்போது தெரியாது. இதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் தெரிந்திருக்க வேண்டும். மற்றப் பத்துப் பேரும் அவளிடம் ஐந்து கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள். இந்தக் குடும்பத்தின் அப்பா பிள்ளைகளிடம் என்ன சொன்னார் என்பதுவரை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று, பரீட்சைத் தாளில் காப்பியடித்ததை வாசனையிலேயே கண்டுபிடிக்கிற நான், கேட்டுக்கொள்ளவே இல்லை. அதைவிட, ஒரு பெண் இரண்டு தடவை வேண்டாம் என்றாள். காரணம் தெரியாவிட்டால் என்ன, வேண்டாம் என்றால் வேண்டாம்தானே. அந்தச் சின்ன மரியாதை எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று சாயங்காலமே எட்டுத் தாளையும் வரிசையாகப் பலகையில் குத்தினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்தப் பலகையைப் படிக்காமல் எங்கள் சபையில் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அதற்காகத்தான் சனிக்கிழமை குத்தினேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம் நடக்க இருக்கிறது, ஆட்சேபனை இருப்பவர்கள் தெரிவிக்கலாம் என்று பாஸ்டர் பீடத்திலிருந்து வாசிப்பார். மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டால்தான் தேதி குறித்தது உறுதி. அந்த ஞாயிறு அவளுக்கு இரண்டாம் ஓலை. அவள் பெயரை வாசித்தபோது பெண்கள் பக்கம் தோழிகள் கிசுகிசுத்தார்கள். அவள் தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் நான் ஓடிப்போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். சொல்ல வெட்கம்தான். யார் படிக்கிறார்கள், என்ன முகம் காட்டுகிறார்கள் என்று பார்க்க. கமிட்டிப் பெரியவர் இரண்டு தாள் படித்துவிட்டு, "பரவால்லியே" என்று போனார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து நின்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். விரலை வைத்து, மெதுவாக, எட்டாம் தாள்வரை படித்தார். போட்டோ வருகிற இடத்துக்கு விரல் திரும்பிப் போயிற்று. மறுபடி படித்தார்.

"இத யாரு எழுதினதுன்னு தெரியுமா டீச்சர்?" என்று கேட்டார்.

அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "நம்ம பொண்ணுதாங்க. உங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணுதான். இன்னிக்கு ஓலை வாசிச்சாங்களே" என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பெண் பார்க்கப் போனபோது அந்த அம்மாள் அவர்கள் வீட்டு முன்னறையில் ஏரோப்ளேன் போட்டோவைப் பார்த்திருக்கிறார். நான்கு ஜன்னலில் மூன்று தலை. அம்மா எங்கே என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். கூச்சப்பட்டு நிற்கவில்லை என்று அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது அவர் "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் இரண்டு ஓலை வாசித்தார். இரண்டிலும் அவள் பெயர் இல்லை. அவளும் அம்மாவும் வந்திருந்தார்கள். மூன்றாம் ஓலை கேட்க வந்தவர்கள். அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோதும் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். பிறகு அவள் அம்மாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள்.

பாஸ்டரிடம் போய்க் கேட்டேன். "மாப்பிள்ளை வீட்ல நிறுத்தச் சொல்லிட்டாங்க. அந்த வியாதியாம்" என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பலகையிலிருந்து தாள்களைப் பிய்த்தேன். ஒரு வாரமாக அவை அங்கேயே இருந்தன.

அன்று மத்தியானமே பல்லாவரத்துக்குப் போய் அந்தப் பெரியம்மாவிடம் சண்டை போட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன் வந்த நோய், குணமாகிவிட்டது, டாக்டரே சொல்வார், இது பரம்பரையாக வருகிற வியாதி இல்லை, படிக்காதவர்கள் மாதிரிப் பேசாதீர்கள் என்று கத்தினேன். "வியாதிய சொல்லியிருந்தாக்கூட யோசிச்சிருப்போம் டீச்சர். சுத்திப் பாக்க வந்தோம்னு பொய் சொன்னாங்களே" என்றார் அவர். பையன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாயைத் திறப்பான் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை. உங்களை மாதிரி ஆட்கள் இருப்பதால்தான் அவர்கள் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். ரயிலில் வரும்போது நான் ரொம்ப நல்லவள் என்று தோன்றியது.

அவள் வகுப்புக்கு வரவில்லை. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் என் தம்பியைத் துணைக்குக் கூப்பிட்டேன். என்னைவிட மூன்று வயது சின்னவன், ரயில்வே ஆபீஸில் வேலை. விஷயம் முழுவதும் அவனுக்குத் தெரியும்.

கதவைத் திறந்தவள் அவள்தான். "வாங்க டீச்சர்" என்றாள், வகுப்பில் சொல்கிற மாதிரியே. உள்ளே போய் உட்கார்ந்ததும், "தப்பு என்மேலதான். நீ வேணாம்னு சொன்னே, நான் கேக்கலை. என்னை மன்னிச்சுடும்மா" என்றேன். அழுதும்விட்டேன்.

"நான்தானே டீச்சர் எழுதினேன்."

"ஏம்மா எழுதினே?"

"நீங்க நாலு கண்டிஷன் சொன்னீங்க. எங்களுக்கு அது பொருந்தவே இல்ல. அப்ப நாங்க யாருன்னு உங்ககிட்ட கேக்கணும்னு இருந்துச்சு. நேர்ல கேக்க வரலை." பிறகு, "நீங்க மட்டும் படிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் அம்மா உள்ளேயிருந்து காபி கொண்டு வந்தார். நான் எதிர்பார்த்தது ஒட்டி உலர்ந்த ஓர் உருவம். வந்தவர் நல்ல ஆகிருதி, களையான முகம், என் அம்மாவைவிடத் தெம்பாக இருந்தார். பல்லாவரத்தில் நான் அவ்வளவு கத்தினேனே, நானே அதை நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது. அவர் என்மேல் கோபம் காட்டவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர், வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தம்பியிடம் எந்த ஆபீஸ், எத்தனை வருஷ சர்வீஸ் என்று விசாரித்தார். தம்பி அடக்கமாகப் பதில் சொன்னான். எல்லோரும் காபியைக் குடித்து முடித்தோம்.

அவள் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "தம்பிக்கு எங்கயாவது பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்றார்.

சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் அம்மா கையிலிருந்த தட்டை மேசைமேல் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சட்டென்று தலை குனிந்தாள்.

"ஆமாங்க. எங்க மாமா பொண்ணு. பேசி முடிச்சாச்சு" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. யோசித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தும்மல் வருவதுபோல வந்தது. எங்களுக்கு மாமா உண்டு, அவருக்குப் பெண் கிடையாது. "அப்படியா, சந்தோஷம்" என்றார் அந்த அம்மா. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மூன்று மாதம் என் எதிரில் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் முகத்தைச் சாய்த்துக் கேட்டவள். நான் எப்போது மனதிலிருந்து பேசுகிறேன், எப்போது இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? காலியான டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் கிளம்பும்வரை அவள் வெளியே வரவில்லை. அதற்கப்புறம் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

ஒரு ஸ்டேஷன் தூரம்தான் என்பதால் தண்டவாளத்தை ஒட்டியே தாம்பரத்துக்கு நடந்தோம். பாதி தூரம் வந்தபின் தம்பி கேட்டான். "யாருக்கா அந்த மாமா பொண்ணு?"

"என்னடா சொல்லச் சொல்றே? அம்மா ஒத்துக்கமாட்டாங்க" என்றேன்.

"அம்மாவைக் கேட்டியா?"

"இல்ல."

"என்னைக் கேட்டியா?"

இரண்டு வருஷம் கழித்து அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, நன்றாகவே இருக்கிறான். அந்தப் பேச்சை அவன் திரும்ப எடுத்ததில்லை. அம்மா அதன்பின் பதினாறு வருஷம் இருந்தார். என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினாறு வருஷம் கிடைத்தது. ஒத்துக்கொண்டிருப்பேனே என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நான் கேட்கவே இல்லை.